சத்தியம் செய்ய மறுத்த தோழர்

நிருபர்கள் சங்கக் கூட்டத்துக்கு என்னை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத நியூஸ் எதுங்கய்யா?" என்று ஒரு தொலைக்காட்சி நிருபர் கேட்டார். வெள்ளம், ரயில் விபத்து, மந்திரி வருகை என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். "நாலு வரிச் செய்தி ஒண்ணு" என்றேன். "அதுல தப்பு ஏதாவது வந்துட்டுதுங்களா?" என்றார். தப்பு இல்லை. நாலு வரியும் சரி. அதனால்தான் மறக்கவில்லை. மேடையில் சொல்லி முடிக்க நேரம் போதாது என்று எழுதித் தர ஒப்புக்கொண்டேன்.

பெண்ணாடத்தில் பள்ளிப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங் தேறி, அறுபதுகளின் நடுவில் விருத்தாசலத்துக்கு வந்தேன். கடைத்தெருவில் பத்திரிகை ஏஜெண்டின் கடையில் வேலை. ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனதும் அந்த இடம் எனக்கு வந்தது. பகுதி நேர நிருபர் என்று பெயர். செய்தியை எழுதி, கவரில் போட்டு, கடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே மாவட்ட நிருபர் ரங்கநாதன் அதைப் படித்துத் திருத்திச் சென்னைக்கு அனுப்புவார்.

ரங்கநாதன் சார் நின்றுகொண்டுதான் படிப்பார். ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம் என்று ஒரு பென்சில் வைத்திருந்தார். நான் கண்ணால் பார்க்காதது எதுவாக இருந்தாலும் சிவப்பால் அடித்துவிடுவார். யார் சொன்னது என்று எழுதாத வாக்கியத்துக்கு நீலத்தில் கோடு விழும். மாதம் ஒரு முறை கடலூருக்குப் போனால், திருத்திய தாள்களை எடுத்து என் முன்னால் பரப்புவார். திட்ட மாட்டார். ஒவ்வொரு கோட்டையும் காட்டிக் கேள்வி மட்டும் கேட்பார்.

மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடை எரிந்தபோது, மின்கசிவால் தீப்பிடித்தது என்று எழுதியிருந்தேன்.

"கரண்ட் ஒழுகினத நீ பாத்தியா?"

"இல்ல சார். எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு? பேரு சொல்லு."

பெயர் இல்லை. கடை எரிந்தது மட்டும்தான் அச்சில் வந்தது. 'கோபத்துடன்', 'வேண்டுமென்றே', 'இதன் காரணமாக' ஆகிய மூன்றும் அவர் கைக்குத் தப்பியதே இல்லை. "என்ன நடந்துச்சுன்னு எழுது. ஏன் நடந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். சில வருடங்களில் என் தாள்களில் சிவப்பு குறைந்தது. ஆனால் கோடே விழாத தாள் என்று ஒன்று அதுவரை இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் செய்தி என்றால் பெரும்பாலும் பீங்கான் கம்பெனிகள்தான். ஊறுகாய் ஜாடி, கப் அண்ட் சாசர், ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து போயின. ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஜங்ஷன் ரோட்டில் போகிறவர்களின் கைகள் முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் சூளைக்குள் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவர் தானியேல். முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமான ஆள் என்பதால் சூளை வாசலில் எப்போதும் குனிந்தே நுழைவார். செங்கொடிச் சங்கத்தின் செயலாளர். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபையில் பிறந்து வளர்ந்தவர்.

அவர்களின் கோரிக்கை எளிமையானது. சூளையை அணைக்க முடியாது என்று சொல்லி, சூளைக்காரர்களுக்கு மட்டும் வார ஓய்வு நாள் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். அதற்காக வேலைநிறுத்தம். கம்பெனி வாசலில் நடக்கும் கேட் கூட்டங்களுக்கு நான் தவறாமல் போவேன். தன்னைப் பற்றி யாராவது கேட்டால் தானியேல் ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வார். கேட்டில் பேசும்போது ஆள் வேறு.

"ஆறு நாள் ஆச்சுன்னா மாட்டையும் அவுத்து வுடணும், கழுதையையும் அவுத்து வுடணும்னு அந்தக் காலத்துலயே எழுதி வச்சிருக்குது தோழர்களே. நாம கழுதைய வுடக் கேவலமா?"

கை தட்டினார்கள். மாவட்டத்திலிருந்து வந்திருந்த பேச்சாளர் கூட்டம் முடிந்ததும் அவர் தோளில் கை போட்டார். "கழுதை மேற்கோள் அருமை தோழர். எந்தப் புத்தகம்? நம்ம மாஸ்கோ வெளியீடா?"

"பழைய புத்தகங்க. அட்டை பிஞ்சு போச்சு."

பேச்சாளர் தலையாட்டிக்கொண்டார். தானியேல் பேச்சின் தமிழ் ஒரு மாதிரி இருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். 'இதோ', 'மெய்யாகவே', 'கூக்குரல்' என்றெல்லாம் வரும். அது கட்சித் தமிழ் என்று தொழிலாளிகள் நினைத்தார்கள். கட்சிக்காரர்கள், அது சூளைக்காரர்களின் தமிழ் என்று நினைத்தார்கள். சபையில் அதற்கு நேர்மாறான கதை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்ல எழுந்தவர், சகோதரரே என்பதற்குப் பதில் தோழர்களே என்று தொடங்கிவிட்டாராம். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று என்று சொன்னார்கள்.

வேலைநிறுத்தத்தின்போது ஒரு நாள், சுடுவதற்கு முன் காய வைத்திருந்த பச்சை ஜாடிகள் அலமாரியோடு சரிந்து நொறுங்கின. இரண்டு தொழிலாளிகள் உடைத்ததாகக் கம்பெனி புகார் கொடுத்தது. அந்த நேரத்தில் இருவரும் தன்னோடு கேட்டில் இருந்ததாகச் சாட்சி சொல்ல தானியேல் கோர்ட்டுக்கு வந்தார்.

நடந்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறேன். டவாலி வெளியே வந்து அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். தானியேல் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார். மற்ற சாட்சிகளுக்கு, கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று பெஞ்ச் கிளார்க் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பெயரைப் பார்த்ததும் கிளார்க் எழுந்து அலமாரியைத் திறந்தார். கட்டுகளை நகர்த்தி, பின்னாலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, மேல்துண்டால் தூசியைத் துடைத்தார். வெள்ளைக்காரன் காலத்துப் பைபிள். ஆங்கிலம்.

"கைய வைங்க."

"வேணாங்க."

"என்ன வேணாம்? நீங்க கிறிஸ்டியன்தானே?"

"ஆமாங்க."

"அப்ப கைய வச்சு சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம் பண்றதில்லீங்க."

அரசு வக்கீல் தன் இடத்திலிருந்தே, "கொடி ஒண்ணு எடுத்தாந்து குடுங்க, பண்ணுவாரு" என்றார். கோர்ட்டில் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட்டுக்கு அன்று நிறைய வழக்குகள். ஏன் என்று கேட்கவில்லை. சத்தியம் செய்ய விருப்பமில்லாதவர் உறுதி கூறினால் போதும் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. "உறுதிமொழி எடுத்துக்கட்டும்" என்றார். தானியேல் உண்மை சொல்வதாக உறுதி கூறினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். இறங்கினார். பைபிள் திரும்ப அலமாரிக்குப் போயிற்று.

நான் எழுதிய நாலு வரி இது: பீங்கான் கம்பெனி வழக்கில் தொழிற்சங்கச் செயலாளர் தானியேல் நேற்று சாட்சியம் அளித்தார். பைபிள் மீது கை வைத்துச் சத்தியம் செய்யும்படி கேட்கப்பட்டபோது அவர் மறுத்தார். பின்னர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார். சம்பவ நேரத்தில் குற்றம் சாட்டப்பட்ட இருவரும் தன்னுடன் இருந்ததாகக் கூறினார்.

அந்த வாரமே கடலூர் போனபோது ரங்கநாதன் சார் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. "இப்படித்தான் எழுதணும்" என்றார். அதற்குள் அந்த நாலு வரி ஊரில் என்ன செய்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

முதலில் கட்சி. கலியபெருமாள் என்று நகரச் செயலாளர், சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைச் சுவரில் அந்தச் செய்தியை வெட்டி ஒட்டினார். அந்த வாரக் கேட் கூட்டத்தில், மதப் புத்தகத்தை நீதிமன்றத்திலேயே ஒதுக்கித் தள்ளிய தோழர் என்று சொல்லி, தானியேலுக்குச் சிவப்புத் துண்டு போர்த்தினார். தானியேல் துண்டை வாங்கிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்து சபை. தானியேலின் தங்கை ரூபிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்பா இல்லாத வீடு, எல்லாம் தானியேல் பொறுப்பு. அவர்கள் வழக்கப்படி, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கோயிலில் அறிவிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். மூன்று ஓலையும் வாசிக்காமல் கல்யாணம் இல்லை. முதல் ஓலை வாசித்தாயிற்று. பிறகு கோர்ட், பிறகு பேப்பர். இரண்டாவது ஞாயிறு ஓலை வாசிக்கப்படவில்லை.

மறுநாள் காலை தானியேலின் அம்மா எஸ்தர் அம்மாள் ஏஜெண்ட் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பேப்பர்.

"இத எழுதனது நீங்கதானே தம்பி?"

"ஆமாம்மா. என்ன விஷயம்?"

"மாப்பிள்ள வூட்ல நிறுத்திப்புட்டாங்க. வேதத்தத் தொட மாட்டேன்னவன் வூட்ல பொண்ணு எடுக்க மாட்டோம்றாங்க. மறுத்தாருன்னு போட்டீங்க. ஏன்னு போட்டீங்களா?"

"கோர்ட்ல அவர் காரணம் சொல்லலம்மா. யாரும் கேக்கவும் இல்ல."

"சின்னப் புள்ளையிலேர்ந்தே அவன் அப்படித்தான் தம்பி. பென்சில் காணாம போனா, ஒந்தல மேல அடிச்சி சத்தியம் பண்றான்னா பண்ண மாட்டான். அடி வாங்கிக்குவான். அப்பல்லாம் கட்சி ஏது, கொடி ஏது?"

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. கட்சியில் சேருவதற்கு முன்பே சத்தியம் செய்யாதவர் என்றால், காரணம் கட்சி இல்லை. அப்படியானால் எது? அன்று மதியமே கம்பெனிக்கு எதிரிலிருந்த டீக்கடையில் தானியேலைப் பிடித்தேன்.

"பேப்பர்ல எழுதினதுல தப்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. சரியா இருக்குது."

"ஏன் மறுத்தீங்கன்னு ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அதையும் போட்டுடறேன். தங்கச்சி கல்யாணம் நிக்கிதே."

டீயை மெதுவாகக் குடித்து முடித்தார். "ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல வேணாங்க" என்றார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிடிவாதக்காரர் என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனாலும் அந்த வாக்கியம் அவர் சொந்தமாகச் சொன்னது போல் இல்லை. எங்கேயோ இருந்து எடுத்து வந்தது போல் இருந்தது. சாயங்காலம் ஐயர் வீட்டுக்குப் போனேன். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். வேதமாணிக்கம் ஐயர் சாய்வு நாற்காலியில் இருந்தார். நான் யார் என்று தெரிந்ததும், "ஓலைய நிறுத்தின ஆளு நீங்கதானா?" என்று கேட்டு, உட்காரச் சொன்னார்.

"உங்க சபை ஆளு, கழுதைக்கு ஓய்வு குடுன்னு கேட்டுல பேசறாரே, கேட்டிருக்கீங்களா?" என்று தொடங்கினேன்.

"கேக்காம என்ன? என் சரக்க எடுத்துட்டுப் போயி செங்கொடிக்குக் கீழ விக்கறான். இங்க நான் வாசிச்சா தூங்கறாங்க. அங்க கை தட்டறாங்களாம்."

டீக்கடையில் பேசினதைச் சொன்னேன். "அவன் சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றார். சொன்னதை அப்படியே சொல்வது என் தொழில். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல, அதுக்கு மேல வேணாம் என்றேன்.

ஐயர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "அதுக்கு மேல போறது தீமையிலேர்ந்து வர்றது" என்றார்.

"அவரு அதச் சொல்லலீங்க."

"அவன் சொல்ல மாட்டான். மீதி அது. வசனம்." பிறகு தனக்குள் சிரித்தார். "ஆண்டவர் மலை மேல உக்காந்து சொன்னது. சத்தியமே பண்ணாதீங்க, வானத்து மேல வேணாம், பூமி மேல வேணாம், தல மேலயும் வேணாம், அதுல ஒரு மயிரக்கூட உன்னால வெளுக்க வைக்க முடியாதுன்னாரு."

"அப்ப அந்தப் புத்தகத்து மேலயே கைய வச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்களே?"

"அதத்தான் யோசிக்கறேன். நானே பண்ணியிருக்கேன். சபை நெலத்துக் கேஸுல கடலூர் கோர்ட்ல கைய வச்சேன். கூட வந்து கைய வச்சது யாரு தெரியுமா? ஞானமுத்து. ரூபிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளையோட அப்பா. கல்யாணத்த நிறுத்துங்கன்னு வந்தவரும் அவருதான்."

"அப்ப விஷயம் முடிஞ்சுதுங்களே. இத நீங்க சபையில சொன்னா போதுமே."

ஐயர் அப்படி நினைக்கவில்லை. "சத்தியத்துல வசனம் அவன் பக்கம். சரி. கொடிக்கு என்ன சொல்றது? ஏழைக்காகப் பேசறது தப்புன்னு நான் சொல்லல, தீர்க்கதரிசிங்க எல்லாம் அதத்தான் பேசினாங்க. ஆனா இவங்க கடவுள் இல்லன்றவங்க. மொதலாளிய ஒழிப்போம்ன்றாங்க. பகைக்கறவன நேசின்னு நான் இங்க வாசிக்கறேன். ரெண்டையும் ஒரே வாயில எப்படி வச்சிருக்கான்?"

"அவரையே கேட்டீங்களா?"

"கேட்டேன். ஏன்டா இப்படின்னு. பேசாம நின்னான்."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நானும் 'ஏன்' என்று கேட்டேன், ஐயரும் 'ஏன்' என்று கேட்டார். ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வியை இருவரும் கேட்கவில்லை. தன்னைப் பற்றிய எதற்கும் அந்த மனிதரிடம் இரண்டே சொற்கள்தான் இருந்தன. காரணத்தை நாம் முன்பே தெரிந்துகொண்டு போனால் தலையாட்டுவார். தெரியாமல் போனால் ஒன்றும் கிடைக்காது. தன்னை விளக்கிக்கொள்வதும் சத்தியம் செய்வதில் சேர்த்திதான் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அந்த வசனத்தை அவ்வளவு தூரம் நீட்டலாமா என்று ஐயரைக் கேட்டேன். "படிச்சவங்க நீட்ட மாட்டோம்" என்றார்.

மறுநாள் ரங்கநாதன் சாருக்கு டிரங்க் கால் போட்டு விவரம் சொன்னேன். ஒரு விளக்கச் செய்தி போட்டால் கல்யாணம் நடந்துவிடும் என்றேன்.

"காரணத்த அந்த ஆளு சொன்னானா?"

"இல்ல சார். பாதிரியார் சொன்னாரு."

"அப்ப அது பாதிரியாரோட கருத்து. அந்த ஆளோட காரணம் இல்ல."

"ஆனா அதுதான் சார் உண்மை."

"உண்மைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தையே திருப்பிச் சொல்லி ரிசீவரை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பேப்பரால் இனி ஒன்றும் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிறு காலை அந்தக் கோயிலுக்குப் போனேன். உள்ளே போவது அதுவே முதல் தடவை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் தானியேல், பெண்கள் பக்கம் எஸ்தர் அம்மாளும் ரூபியும். ரூபி முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலூரிலிருந்து ஞானமுத்து மனைவியோடு வந்திருந்தார். ஓலை வாசித்தால் தடை சொல்வதற்கென்றே வந்தார் என்று பேசிக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே, மத்தியானக் கேட் கூட்டத்துக்கு தானியேலை ஏற்றிக்கொண்டு போகக் கலியபெருமாள் சைக்கிளோடு நின்றார். உள்ளே வரவில்லை.

அன்றைய வாசிப்பாக ஐயர் அந்த மலைப் பகுதியை எடுத்தார். சத்தியம் பண்ண வேண்டாம் என்று வரும் இடத்தில் குரலை உயர்த்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. வாசித்து முடித்து, ஓலையை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர். இது இரண்டாம் முறை, தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம்.

ஞானமுத்து எழுந்தார். "ஒரு தடைங்க ஐயரே."

"சொல்லுங்க."

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. பொண்ணோட அண்ணன் விசுவாசியா இல்லையான்னு தெரியணும். பேப்பர்ல வந்தத எல்லாரும் பாத்தாங்க."

"எதிர்லதான இருக்கான். கேளுங்க."

ஞானமுத்து திரும்பினார். "தானியேலு, நீ ஆண்டவர நம்பறியா?"

தானியேல் எழுந்து நின்றார். "ஆமாங்க."

"கம்யூனிஸ்ட்டா?"

"ஆமாங்க."

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. ஜன்னலுக்கு வெளியே கலியபெருமாள் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார்.

"ரெண்டும் எப்படி ஆவும்? ஐயர் கையில இருக்கற வேதத்து மேல கைய வச்சு, மொதல்ல சொன்னது நெசம்னு சொல்லு. நான் உக்காந்துக்கறேன்."

"இல்லீங்க."

கையை வைத்திருந்தால் முடிந்திருக்கும். ரூபி தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள். எஸ்தர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். தானியேல் அதே இடத்தில் கைகளைத் தொங்கவிட்டு நின்றார்.

ஐயர் ஓலையைக் கீழே வைத்தார். "ஞானமுத்து, நெலத்துக் கேஸுல நீங்களும் நானும் கோர்ட்ல கைய வச்சமே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. அதுக்கென்ன?"

"இப்ப வாசிச்ச பகுதி அன்னிக்கு உங்களுக்கு ஞாபகம் வந்துச்சா?"

ஞானமுத்து முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் வரல" என்றார் ஐயர். "இந்தப் பகுதிய நான் ரெண்டு தடவ பிரசங்கம் பண்ணியிருக்கேன். இங்க உக்காந்திருந்தவங்கள்ல ஒரு ஆளு எழுந்து போயி அதும்படி நடந்திருக்கான். அதுக்காக அவன் தங்கச்சி ஓலைய நிறுத்தணும்னா, கைய வச்ச நம்ம ரெண்டு பேர என்ன பண்றது?"

ஞானமுத்துவின் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து, "உக்காருங்களேன்" என்றார். அவர் உட்கார்ந்தார்.

"தடை இல்லன்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க. ஆனா அந்த ரெண்டாவது ஆமா எனக்குப் புடிக்கல ஐயரே."

"எனக்கும்தான்" என்ற ஐயர் ஓலையை எடுத்து விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

பார்த்ததை எழுதிக் கடலூருக்கு அனுப்பினேன். ஆமாம் என்றார், ஆமாம் என்றார், இல்லை என்றார் என்று எழுதியிருந்தேன். ரங்கநாதன் சார் தாமே கடைக்கு டெலிபோன் செய்தார். "பதில் மட்டும் போட்டிருக்க. கேள்வி எங்க? கேள்வியையும் முழுசா போடு. இல்லன்னா படிக்கறவன் அவனவன் கேள்விய வச்சுக்குவான்" என்றார். நாலு வரிச் செய்தியைப் பற்றி அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேள்விகளோடு செய்தி வந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய கோர்ட் செய்திகளில், ஒருவர் மறுத்தார் என்றால், காரணம் கேட்கப்பட்டதா இல்லையா என்று ஒரு வரி சேர்த்தேன். அதை அவர் ஒரு முறையும் அடிக்கவில்லை.

மூன்றாவது ஓலையும் வாசித்து, ரூபியின் கல்யாணம் நடந்தது. பந்தியில் எனக்கு ஒரு பக்கம் தானியேல், அவருக்கு அந்தப் பக்கம் கலியபெருமாள். கோயிலுக்குள் வராதவர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"தோழர், துண்டு போத்தினப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க ஒண்ணும் கேக்கலியே தோழர்."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

கலியபெருமாள் ரசத்தைக் கலந்தபடி யோசித்தார். "நீங்க ஆண்டவர நம்பறீங்களான்னு மாவட்டத்துல கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?"

"ஆமான்னு சொல்லுங்க."

"துண்ட என்ன பண்ணப் போறீங்க?"

"வேணும்னா திருப்பித் தந்துடறேன்."

"வச்சுக்குங்க. சூளையில கைய தொடைக்க ஆவும்" என்றார் கலியபெருமாள். எதிர் வரிசையில் ஐயர் இலையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

மாவட்டத்தில் கேட்டார்கள். அடுத்த சங்கத் தேர்தலில் செயலாளர் பதவிக்கு வேறு பெயர் வந்தது. தானியேல் எதிர்த்து நிற்கவில்லை, சங்கத்தை விட்டுப் போகவும் இல்லை. கேட் கூட்டங்களில் மேடைக்குக் கீழே நின்றார். கழுதை மேற்கோளை இப்போது புதுச் செயலாளர் சொன்னார், அதே கைதட்டல். வழக்கில் இருவரும் விடுதலையானார்கள். சூளைக்காரர்களுக்கு முறை வைத்து வார ஓய்வு கிடைத்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தானியேலுக்குச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. ஞாயிறு கிடைத்தவர் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றாராம். ஷிஃப்ட் இடம் கொடுத்த ஞாயிறுகளில் மட்டும் கோயிலுக்குப் போனார்.

அந்த நாட்களில் ஒரு தடவை, சூளை வாசலில் வைத்து அவரிடம் கேட்டேன். "ரெண்டுல எது உங்களுக்குப் பெரிசுங்க? வேதமா, கட்சியா?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கையில் அந்தச் சிவப்புத் துண்டுதான். வெள்ளை மண் ஏறி வெளிறிப் போயிருந்தது.

"அது ஆமா இல்லக் கேள்வி இல்லீங்களே" என்றார். "வேற மாதிரி கேட்டுப் பாருங்க." குனிந்து சூளைக்குள் போய்விட்டார்.

வேறு மாதிரிக் கேட்பதற்காகப் பல தடவை எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும், அவர் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்த பதில் கேள்விக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. ரங்கநாதன் சார் பார்த்தால் சிவப்பால் அடித்திருப்பார். அதனால் கடைசி வரை கேட்கவில்லை.